மாமாவுக்குக் கேட்டதும் எனக்குக் கேட்டதும்

எங்கள் குடும்பத்தில் காதுக்குள் குரல் கேட்டவர் என்று ஒருவர்தான் இருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி, எங்களுக்குச் சின்ன மாமா. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர். அவருக்குக் கேட்ட குரல்களுக்காக யாரும் விருது எதுவும் கொடுக்கவில்லை. திருநீறு கொடுத்தார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், வேப்பிலையால் நாலு அடியும் கொடுத்தார்கள்.

இப்போது காலம் முன்னேறிவிட்டது. 2018 ஏப்ரலில் லண்டனில் பாஃப்டா விழா நடந்தது. சினிமாவுக்கு விருது கொடுக்கிற அதே அமைப்புதான், வீடியோ கேம்களுக்கென்று தனியாக ஒரு விழா எடுக்கிறது. அந்த வருடம் காதுக்குள் குரல் கேட்கும் ஒரு பெண்ணைப் பற்றிய விளையாட்டு ஐந்து விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. அவற்றில் ஒன்று ஒலிக்கானது. குரல்களுக்கே விருது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் பெயர் ‘ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்’. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிஞ்சா தியரி என்ற கம்பெனி, சுமார் இருபது பேரை வைத்துக்கொண்டு செய்து, 2017 ஆகஸ்டில் வெளியிட்டது.

இதை எனக்கு அறிமுகப்படுத்தியவன் அக்கா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தீபாவளிக்கு வந்தவன், பட்டாசுச் சத்தத்திலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி சொல்லித் தருவதாக லேப்டாப்பைத் திறந்தான். காதை முழுசாக மூடுகிற ஹெட்போன் ஒன்றை நீட்டினான்.

“இது ஸ்பீக்கர்ல வச்சு ஆடுற கேம் இல்ல மாமா. இதப் போட்டுக்கங்க.”

விளையாட்டும் தொடக்கத்திலேயே அதைத்தான் சொல்கிறது. ஹெட்போன் நல்லது என்கிறது. மனநோயின் அனுபவம் இதில் காட்டப்படுகிறது, சிலருக்குக் கலக்கம் தரலாம் என்று எச்சரிக்கையும் போடுகிறது. இவ்வளவு மரியாதையான முன்னறிவிப்பு சின்ன மாமாவுக்குக் கிடைக்கவில்லை. கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

மூடுபனிக்குள் ஓர் ஆறு. மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறாள். முகமெல்லாம் நீலச் சாயம். எட்டாம் நூற்றாண்டின் கடைசிக் காலம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளைச் சேர்ந்த பிக்ட் இனத்துப் போர்க்காரி, செனுவா. வைக்கிங்குகள் அவளுடைய காதலன் டில்லியனைப் பலி கொடுத்துவிட்டார்கள். அவன் தலையைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அவன் உயிரை மீட்க நார்ஸ்காரர்களின் பாதாள உலகத்துக்குப் போகிறாள். கதை இவ்வளவுதான். சத்தியவான் சாவித்திரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆச்சரியம் காதில் இருந்தது. இடது காதோரம் ஒருத்தி கிசுகிசுக்கிறாள். வலப்பக்கம் ஒருத்தி சிரிக்கிறாள். பிடரிக்குப் பின்னால் மூன்றாவது ஒருத்தி, திரும்பிப் போய்விடச் சொல்கிறாள். இவளால் முடியாது என்கிறது ஒன்று, முடியும் என்கிறது இன்னொன்று, இவளுக்குப் பயம் வந்துவிட்டது பார் என்று மற்றவை கேலி பேசுகின்றன. என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். சுவரில் மாதக் காலண்டர்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மருமகன் சிரித்தான். “எல்லாருமே திரும்பிப் பாப்பாங்க மாமா.”

எல்லாரும் திரும்பிப் பார்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன், எதிர்ப்பக்கம் நின்று. சின்ன மாமா பேரேட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். திடீரென்று பேனா நிற்கும். தலை இடதுபக்கமாகக் கொஞ்சம் சாயும், பக்கத்தில் குட்டையாக யாரோ நின்று பேசுவது மாதிரி. “சரி... சரிம்மா” என்பார். பேனாவை மூடிவைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய், சிமெண்டுத் தொட்டிக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்காருவார். அரைமணி கழித்து மறுபடியும் எழுந்து போவார். அந்தக் காலக் கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருவதே திருவிழா மாதிரி. வராத தண்ணீரை அவர் அத்தனை பொறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தார். பார்த்த எங்களுக்குச் சிரிப்பு. பெரியவர்களுக்குக் கவலை. அவருக்கோ அது வேலை.

அந்த நாளில் எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. எதிர்வீட்டு அத்தை, சோசியர், ஆபீஸ் மேஸ்திரி, கோடாங்கி ஆகியோர் உறுப்பினர்கள். செத்துப்போன ஆச்சிதான் வந்து பிடித்திருக்கிறாள் என்றார் சோசியர். படிப்பு மூளையில் ஏறிவிட்டது என்றார் மேஸ்திரி. மாமா பி.யூ.சி. இரண்டு தடவை தவறியவர். ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் எதிர்வீட்டு அத்தை. பெண் வீட்டாரிடம் எதையும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றும் குழு ஏகமனதாக முடிவு செய்தது. நல்லவேளை, ஜாதகம் எதுவும் பொருந்தவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காப்பாற்றியதற்காகச் சோசியருக்கு இன்றும் நான் நன்றி சொல்வேன்.

செனுவாவுக்கும் ஆலோசகர்கள் உண்டு. ஓடம் போய்க்கொண்டிருக்கும்போதே திரையில் பெயர்கள் ஓடுகின்றன. இயக்குநர், நடிகை என்ற வரிசையில் மனநல ஆலோசகர் என்று ஒரு பெயரும் வருகிறது. பால் ஃபிளெச்சர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், மனநல மருத்துவர். ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுக்கும் வெல்கம் டிரஸ்ட் இந்த விளையாட்டுக்கும் உதவியிருக்கிறது. பேராசிரியரோடு நிற்கவில்லை. குரல் கேட்பவர்களையும், இல்லாததைப் பார்த்தவர்களையும், அதோடு வாழ்ந்து பழகியவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். செய்த ஒலியை அவர்களுக்கே போட்டுக் காட்டி, இது சரி, இது இப்படி இருக்காது என்று திருத்தம் வாங்கியிருக்கிறார்கள்.

குரல்களைப் பதிவு செய்த விதமும் சுவையானது. மனிதத் தலை மாதிரி ஒரு பொம்மைத் தலை. அதன் இரண்டு காதுக்குள்ளும் மைக். நடிகைகள் அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து, காதருகே குனிந்தும் பின்னால் விலகியும் பேசுவார்கள். ஹெட்போனில் கேட்கும்போது குரல் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று துல்லியமாகத் தெரியும். அந்தப் பொம்மைத் தலையிடம்கூட அவ்வளவு பேர் குனிந்து பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நிஜத்தலை ஒன்று இருந்தது.

கோடாங்கி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உடுக்கையை முடுக்கி, சாம்பிராணிப் புகைக்குள் மாமாவை உட்காரவைத்து, “யாரு நீ? எங்கிருந்து வந்த? என்ன வேணும் உனக்கு?” என்று அதட்டினார். மூன்றும் அருமையான கேள்விகள். ஆனால் கேட்டது மாமாவை அல்ல, மாமாவுக்குள் இருப்பதாக அவர் முடிவு கட்டியிருந்த பேயை. எனவே மாமா பதில் சொல்லவில்லை. தன்னைக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதற்குத்தான் வேப்பிலை அடி. போகும்போது கோடாங்கி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மூணாவது அமாவாசைக்குள் விரட்டாவிட்டால் தலைக்கு ஏறிவிடும், அப்புறம் யாராலும் இறக்க முடியாது. அந்த எச்சரிக்கைக்கு விலை ஒரு சேவல்.

சேவல் இல்லாமலே அதே எச்சரிக்கையைச் செனுவாவின் விளையாட்டிலும் பார்த்தேன். ஆரம்பத்திலேயே ஒரு சண்டையில் தோற்றுப்போனதும், அவள் கையில் கருப்பாக ஒரு அழுகல் படர ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் அது மேலே ஏறும், தலையை எட்டினால் எல்லாம் முடிந்தது, அதுவரை ஆடியதெல்லாம் அழிந்துபோகும் என்று திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். உலகமெங்கும் விளையாடுகிறவர்கள் இதற்கு நடுங்கினார்கள். ஆறு மணி நேரம் ஆடியது ஒரே நொடியில் போய்விடுமா என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. பிறகு சிலர் வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுப் பார்த்தார்கள். எத்தனை முறை செத்தாலும் ஒன்றும் அழியவில்லை. வெறும் மிரட்டல். அவள் எந்தப் பயத்தோடு நடக்கிறாளோ அதே பயத்தோடு நாமும் நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த தந்திரம். தலைக்கு ஏறும் என்று மிரட்டுகிற தொழில்நுட்பம் கரிசல் காட்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பொதுவானது என்று தெரிந்துகொண்டேன். கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு அது பொய் என்று தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு முன்பு வீடியோ கேம் உலகம் மனநோயை எப்படி நடத்தியது என்று மருமகன் எனக்கு ஒரு பாடமே எடுத்தான். கோடாங்கி தேவலை என்று தோன்றியது. பேட்மேன் ஆடும் ‘ஆர்க்கம் அசைலம்’ 2009-இல் வந்தது. மனநலக் காப்பகம்தான் களம், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் அடித்து நொறுக்க வேண்டிய ஆட்கள். 2013-இல் வந்த ‘அவுட்லாஸ்ட்’டும் காப்பகத்தில்தான் நடக்கிறது. அங்கே நோயாளியைக் கண்டால் ஓட வேண்டும், அல்லது கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டும். 2002-இல் ‘எட்டர்னல் டார்க்னஸ்’ என்று ஒன்று. அதில் புத்தித் தெளிவுக்குப் பெட்ரோல் முள் மாதிரி ஓர் அளவுகோல் இருக்கும். அது இறங்கினால் திரை சாயும், சுவரில் ரத்தம் வடியும், சேமித்ததை அழித்துவிட்டதாகப் பொய்ச் செய்தி வரும். இந்த ஏற்பாட்டுக்கு நிண்டெண்டோ கம்பெனி அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கி வைத்துக்கொண்டது. புத்தி கலங்குவது எப்படி என்பதற்குக் காப்புரிமை! சின்ன மாமா தெரியாமல் எத்தனை வருடம் மீறியிருக்கிறாரோ.

நம் சினிமாவைப் பற்றி மருமகனுக்கு நான் பாடம் எடுத்தேன். கீழ்ப்பாக்கம் என்ற பேரைச் சொன்னாலே தியேட்டர் சிரித்த காலம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை, இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அதன் முகவரியே நகைச்சுவை வசனமாக இருந்தது. 2005 ஒரே ஆண்டில் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’னும் வந்தபோது, மனம் பிளந்தவர்கள் ஒன்று சலங்கை கட்டி ஆடுவார்கள், அல்லது எருமைகளை விட்டு மிதிக்க வைப்பார்கள் என்று ஊரே தெரிந்துகொண்டது. எங்கள் மாமா இரண்டும் செய்யவில்லை. குழாயைத்தான் மூடினார். ஆகவே அவருக்கு இருந்தது என்ன வியாதி என்று படம் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை.

செனுவா விளையாட்டில் கதவுகள் பூட்டியிருக்கும். திறக்க ஒரு வழி உண்டு. கதவில் நார்ஸ் எழுத்து ஒன்று மினுங்கும். அந்த எழுத்தின் வடிவத்தைச் சுற்றுப்புறத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ஓரிடத்தில் நின்று ஒரு கோணத்தில் பார்த்தால், இங்கே முறிந்த உத்தரமும் அங்கே நிழலும் தூரத்து மரக்கிளையும் சேர்ந்து அந்த எழுத்தாகத் தெரியும். தெரிந்ததும் பூட்டுத் திறக்கும். புதிர் என்று பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் ஒரு மணி நேரம் ஆடிய பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தேன், ஜன்னல் கம்பியும் கொடிக்கயிறும் சேர்ந்து ஏதோ எழுத்தாகத் தெரிந்தன. மூளை உலகத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வதில்லை. பாதியை வாங்கி, மீதியை ஊகித்துக் கட்டிக்கொள்கிறது. அந்த ஊகிக்கிற வேலை மீறிப்போகும் இடத்தில்தான் பேராசிரியர் ஃபிளெச்சரின் ஆராய்ச்சி இருக்கிறது.

மாமா ஆபீசிலிருந்து கழிவுத் தீப்பெட்டி லேபிள்களைக் கொண்டுவருவார். கிளி, நரி, தாமரை, சாவி. திண்ணையில் அவற்றை வரிசையாகப் பரப்பி, ஒன்றை எடுத்து இடம் மாற்றி, தள்ளி நின்று பார்ப்பார். மறுபடி மாற்றுவார். எங்களுக்கு அது சீட்டு விளையாட்டு. ஒருநாள், “என்ன மாமா பாக்குறீக?” என்று கேட்டதற்கு, “எல்லாம் சொல்லித்தான் இருக்கான், எனக்குத்தான் பிடிபடல” என்றார். செனுவாவுக்குப் பிடிபட்டுவிடும், கதவும் திறக்கும். நோயை விளையாட்டாக்கினால் இந்தச் சலுகையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. மாமாவுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. சாயங்காலம் காற்றடித்தால் லேபிள்கள் தெருவில் பறக்கும்.

சலுகைகள் இன்னும் உண்டு. சண்டையில் எதிரி பின்னாலிருந்து வந்தால் குரல்களே ‘பின்னால் பார்’ என்று எச்சரிக்கின்றன. நோய் ஒரு கேடயமாகிவிடுகிறது. நோயாளியின் கையில் வாளும் இருக்கிறது. மாமா கையில் இருந்தது மைப்பேனா. மனநோயாளிகளால் அடிபட்டவர்களைவிட, மற்றவர்களிடம் அடிபட்ட மனநோயாளிகளே அதிகம் என்பது மருத்துவர்கள் சலிக்காமல் சொல்லிவரும் செய்தி. வாள் கொடுத்தால்தான் கேம் விற்கும் என்பது வியாபாரிகள் சொல்லிவரும் செய்தி. எல்லாவற்றையும்விடப் பெரிய சலுகை, எஸ்கேப் பட்டன். அழுத்தினால் எல்லாக் குரலும் நின்றுவிடும். ஏழெட்டு மணி நேர விளையாட்டு. நடுவில் எழுந்துபோய்க் காபி குடிக்கலாம்.

ஆனாலும் இந்த விளையாட்டை நான் கேலி செய்ய மாட்டேன். கடைசிக் காட்சி அப்படி. அவள் ஜெயித்து, நோய் தீர்ந்து, காதலன் உயிரோடு எழுந்து வருவான் என்று பார்த்தால், அது எதுவும் நடப்பதில்லை. இத்தனை தூரம் இடுப்பில் சுமந்து வந்த தலையை அவள் கீழே விட்டுவிடுகிறாள். அவளை நோகடித்தது குரல்களைவிட, அந்தக் குரல்களைச் சாபம் என்று சொல்லிப் பூட்டிவைத்த அப்பன்தான் என்று அதற்குள் நமக்குத் தெரிந்திருக்கும். அதே குரல்கள் கேட்ட அவள் தாயை அவன் உயிரோடு எரித்திருக்கிறான். செனுவா திரும்பி நடக்கிறாள், குரல்களும் கூடவே நடக்கின்றன. நோய் போகவில்லை. அதன் மேலிருந்த பயம் மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது. இந்த முடிவை எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். செனுவாவாக நடித்த மெலினா யூர்கென்ஸ் நடிகையே இல்லை. அந்தக் கம்பெனியில் வீடியோ எடிட்டர். கேமராவைச் சோதித்துப் பார்க்க, நடிகை கிடைக்கும்வரை நிற்கச் சொன்னார்கள். பிறகு நடிகையைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள். பாஃப்டாவின் நடிப்பு விருது அந்த ஆண்டு அவருக்குத்தான்.

பூட்டிவைத்த அப்பனைப் பார்த்தபோது எனக்கு எட்டாம் நூற்றாண்டு நினைவுக்கு வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வந்தது. அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எங்கள் குழுவிலும் மாமாவை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்ததுண்டு. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னது 2017-இல். செனுவா வெளிவந்த அதே ஆண்டு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. கற்பனைப் பெண்ணின் விலங்கும் நம் ஊர்க்காரர்களின் விலங்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கவனத்துக்கு வந்திருக்கின்றன.

கடைசியில் மாமாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனது அம்மாதான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வயதானவர். எங்கள் இருவரையும் பேசவிடாமல் கையைக் காட்டிவிட்டு, மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

“காதுல யாரு பேசுறாங்க?”

“எங்கம்மா சார்.”

“இருக்காங்களா?”

“தவறி நாலு வருசமாச்சு.”

“என்ன சொல்லுவாங்க?”

“கொழாய மூடச் சொல்லுவா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுவா. கணக்குல ஒரு குரோஸ் கொறையுதும்பா.”

“கொறைஞ்சுதா?”

“ஒரு தடவ கொறைஞ்சது சார்.”

டாக்டர் சிரிக்கவில்லை. அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். வேற யாராவது பேசுவாங்களா என்றார். மாமா கொஞ்சநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரியில் ஓர் ஆம்பிளைக் குரல் வரும், யாரென்று தெரியாது, ரொம்பக் கேவலமாகத் திட்டும், அது வந்தால் படுக்க முடியாது என்றார். அவர் ஏன் சில ராத்திரிகளில் வாசற்படியிலேயே உட்கார்ந்து விடியவைக்கிறார் என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தவள்.

மாதத்துக்கு ஒரு ஊசி, தினம் மாத்திரை. முதலில் கை நடுங்கியது, எச்சில் ஒழுகியது, கணக்கு எழுத முடியவில்லை. அளவைக் குறைத்து, மாத்திரையை மாற்றி, ஒருவழியாகப் பேனா பிடித்தார். மருந்து குரல்களை விரட்டிவிடவில்லை, வீட்டுக்குள் இருந்தவர்களைத் திண்ணைக்கு அனுப்பியது. திட்டுகிறவன் வருவது அருகிவிட்டது. ஆச்சி மட்டும் எப்போதாவது வருவாள். மாமா ஆபீசுக்குப் போனார், சம்பளம் வாங்கினார், அறுபது தாண்டி மாரடைப்பில் போனார்.

பல வருடம் கழித்து ஒரு ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்து மருத்துவர் ஆர். பத்மாவதி முதலானவர்களோடு சேர்ந்து செய்தது. 2015-இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். எல்லாரும் மனச்சிதைவு நோயாளிகள், எல்லாருக்கும் குரல் கேட்கும். அந்தக் குரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் கொடூரமான குரல்கள், யாரோ அந்நியர்கள், வெட்டு குத்து என்ற பேச்சு. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது உறவுக்காரர்களின் குரல். அம்மா, அக்கா, மாமியார் என்று யாராவது வேலை ஏவுவார்கள், கண்டிப்பார்கள், சில சமயம் புத்தி சொல்வார்கள். நோய் ஒன்றுதான். ஆனால் குரலுக்கு ஊர் இருக்கிறது, உறவுமுறை இருக்கிறது. கோவில்பட்டிக் குழாயை நினைத்துக்கொண்டேன். மாமா ஆய்வில் சேரவில்லையே தவிர, முடிவைப் பல வருடம் முன்பே சொல்லிவிட்டிருக்கிறார்.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் யோசித்தான். “அப்ப நம்ம ஊர்ல இந்த கேம் எடுத்தா, காதுல அம்மாதான் வந்து சாப்பிட்டியான்னு கேப்பாங்களா மாமா?” என்றான்.

“சாப்பிட்டியான்னும் கேப்பாங்க மாப்ளே, செத்துப்போன்னும் சொல்லுவாங்க. எது சொல்லுறாங்கன்னு நீயா எழுதக்கூடாது. போய்க் கேட்டுட்டு வந்து எழுதணும்” என்றேன்.

செனுவா விளையாட்டின் சாமர்த்தியம் பொம்மைத் தலையிலோ கிராபிக்ஸிலோ இல்லை. அனுபவித்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், திருத்தம் சொன்னால் திருத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். அதனால்தான் ஒரு வருடத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. அந்தக் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2024 மே மாதத்தில் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. பத்து லட்சம் பேர் காசு கொடுத்துக் குரல் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர்கூட மாமாவிடம் ஓசியில் கேட்டதில்லை. ஹெட்போனைக் கழற்றியவர்களில் எத்தனை பேர் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு மாமாவிடம் போய் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை விற்பனைக் கணக்கு சொல்லாது. இரக்கம் இறக்குமதி ஆகிவிடும், பக்கத்து வீட்டுக்கு நாம்தான் நடந்து போக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது ஆள் இல்லாத இடத்தில் பேசிக்கொண்டிருந்தால், குழுவைக் கூட்டுவதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள், பயமாக இருக்கிறதா, ராத்திரி தூங்கினாயா. சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம், ஆமாம் சாமி போடவும் வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும். பிறகு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து. எண் 14416. கட்டணம் இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.